பிரெஷாவிலிருந்து முப்பது கிலோமீட்டர்

அக்கா மகள் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதன்மைப் பாடம் புள்ளியியல். அங்கே பட்டம் வாங்க வேண்டுமென்றால் கலை, வரலாறு, பண்பாடு என்று வேறு துறைகளிலிருந்தும் சில பாடங்களை எடுத்தாக வேண்டும். இந்தப் பருவத்துக்கு அப்படி எடுத்த ஒன்றின் பாடத்திட்டத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். 'நகரங்களும் உணவும்: இத்தாலியப் பண்பாடு.' பதினான்கு வாரம். வாரத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு சாப்பாடு. நேப்பிள்ஸுக்கு பீட்சா, பொலோனாவுக்கு முட்டை சேர்த்துத் தேய்த்த நாடா நாடாவான பாஸ்தா, வெனிஸுக்கு மிளகு, பிளாரன்ஸுக்கு மாட்டிறைச்சி, பலேர்மோவுக்கு அரபுக்காரர்கள் விட்டுப்போன இனிப்புகள். பரீட்சை கிடையாது. மூன்று கட்டுரை எழுத வேண்டும். கடைசி வாரம் ஆளுக்கு ஒன்று சமைத்து வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டும்.

நெருப்பெரிச்சல் வீட்டில் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, "சோறு திங்கறதுக்குமா பீஸ் கட்டறாங்க?" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இத்தாலி என்ற பேச்சு வந்தால் அவர் எழுந்து போவது புதிதல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஒரு பழைய நிட்டிங் மெஷின் வாங்கினார். இத்தாலியில் ஓடி முடித்து, கப்பலேறி வந்தது. அரைத் தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கியது. மெஷின் வந்த அன்று அதன் உடம்பில் திருகியிருந்த பித்தளைத் தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரெஸ்கியா, இத்தாலி. 'பிரெஷா' என்று சொல்ல வேண்டும் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. மூன்றாம் வருஷம் அப்பா ஓட்டிக் கொடுத்த துணி எங்கெங்கோ சாயம் ஏறி, எங்கெங்கோ தைத்து, ஓர் ஏற்றுமதியாளர் வழியாக ஓர் இத்தாலிய வியாபாரிக்குப் போனது. ஷேடு சரியில்லை என்று அந்த ஆள் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். சாயம் போட்டது அப்பா இல்லை. ஆனால் நஷ்டம் மேலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் பங்கைக் கீழே தள்ளிவிடுவார்கள். நூல் வாங்கி, துணி ஓட்டி, கூலிக்காகக் காத்திருக்கும் ஜாப் வொர்க்காரருக்குக் கீழே தள்ள ஆள் கிடையாது. மெஷின் போனது. கடன் ஏழு வருஷம் இருந்தது. மெஷினைத் தூக்கிப்போக ஆள் வந்த அன்று அப்பா அந்தத் தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். பீரோவில் ரேஷன் கார்டுகளோடு கிடக்கிறது.

ஆகவே வாழ்வை ருசித்து வாழத் தெரிந்த மக்களின் நாடு என்று இத்தாலியைப் பற்றி அந்தப் பாடத்திட்டம் முதல் பத்தியில் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் வகுப்புக்கான வாசிப்புப் பட்டியலை பாப்பா அனுப்ப அனுப்ப, நானும் கூடவே படிக்க ஆரம்பித்துவிட்டேன். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல், அவளுக்கு அங்கே மத்தியானம்.

ஊரையும் சோற்றையும் ஒன்றாகக் கட்டுவது சுற்றுலா விளம்பரத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜான் டிக்கி 2007இல் எழுதிய 'தெலிசியா' என்ற புத்தகத்தின் வாதமே இதுதான்: இத்தாலியச் சமையல் கிராமத்துப் பாட்டியின் அடுப்பில் பிறந்ததல்ல, நகரத்தின் சமையல். அல்பெர்த்தோ கபாத்தி, மாசிமோ மொந்தனாரி இருவரும் எழுதிய உணவு வரலாறும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறது. சுற்றியுள்ள கிராமங்கள் விளைவித்ததெல்லாம் நகரத்துச் சந்தைக்கு வரும். அங்கே பணமும் சமையல்காரரும் சாப்பிடத் தெரிந்தவரும் இருப்பார்கள். பண்டம் அங்கேதான் பெயர் பெறும், அந்த நகரத்தின் பெயரையே பெறும். வெண்ணெய் ஊத்துக்குளிக்குப் போன மாதிரி. சுற்றிலும் எத்தனை பட்டியில் எருமை கறந்தாலும் பெயர் ரயில் நிற்கிற ஊருக்கு.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் பெல்லெக்ரினோ அர்த்தூசி. இத்தாலி ஒரே நாடானது 1861இல். அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1891இல், அந்த நாட்டுக்கு ஒரு பொதுச் சமையல் புத்தகத்தைக் கொடுத்தவர் இவர். ஃபோர்லிம்போபோலி என்ற சிறு ஊர்க்காரர். 1851இல் ஒரு கொள்ளைக் கூட்டம் அந்த ஊரையே மடக்கிப் பணக்கார வீடுகளைச் சூறையாடியது. அவருடைய தங்கை ஒருத்தி அன்று சீரழிக்கப்பட்டு, கடைசிவரை மனம் தேறவில்லை. குடும்பம் பிளாரன்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அர்த்தூசி செய்தது பட்டு வியாபாரம். அதில் சேர்த்த காசில், ஐம்பது வயதில் கடையை மூடிவிட்டு, சமையல்காரர் பிரான்செஸ்கோ, பணிப்பெண் மரியெத்தா இருவரோடும் சமைத்துச் சமைத்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். எந்தப் பதிப்பாளரும் சீந்தவில்லை. எழுபதாவது வயதில் கைக்காசு போட்டு ஆயிரம் பிரதி அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள், 1911இல் அவர் இறக்கும்போது 790. வாசகிகள் கடிதம் எழுத எழுதப் புத்தகம் பெருத்தது. நிரலாளர்கள் பக் ரிப்போர்ட் வாங்கி அடுத்த பதிப்பு வெளியிடுகிற அதே கதை.

இத்தாலியருக்குச் சமையலறையைக் கொடுத்தவர் ஜவுளிக்காரர் என்று அம்மாவிடம் சொன்னேன். "சவுளி யாவாரிக்குத்தானே வாய்க்கு ருசியாத் திங்க நேரமிருக்கும், கைமடிக்கா இருக்கும்?" என்றாள். அம்மா பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் கைமடியாக இருந்தவள். டைலருக்குப் பீஸ் எடுத்துக்கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை.

அவள் கேட்டது சரியான கேள்வி. பதினான்கு வாரத்தில் ஒரு வாரத்தை அந்தப் பாடம் விட்டுவிட்டது என்பேன். இத்தாலியின் வட சமவெளியில், லொம்பார்தியிலும் வெனெத்தோவிலும், பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் விவசாயக் கூலிகள் தின்றது பொலெந்தா. நம் பாஷையில் மக்காச்சோளக் களி. காலையிலும் களி, இரவிலும் களி, தொட்டுக்கொள்ள அநேகமாக ஒன்றுமில்லை. மக்காச்சோளத்தை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள், அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பக்குவம் செய்கிற மெக்சிகோ மக்களின் வழக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பக்குவம் செய்யாத சோளத்தில் உள்ள நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலித்துப் போகும். பெலாக்ரா என்று அதற்குப் பெயர். கரடுமுரடான தோல் என்று வட இத்தாலியப் பேச்சுமொழியில் பொருள். மிலானைச் சேர்ந்த மருத்துவர் பிரான்செஸ்கோ ஃப்ராபொல்லி 1771இல் அந்தச் சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். அதே நோயை 1960களில் ஐதராபாத்தில் சி. கோபாலன் குழுவினர் தக்காணத்துச் சோளம் தின்னும் கூலிகளிடம் கண்டு எழுதினார்கள். அந்த ஏழ்மையிலிருந்து தப்பித்துத்தான் 1876க்கும் 1915க்கும் இடையில் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் இத்தாலியை விட்டுப் போனார்கள். உலகத்துக்குத் தெரிந்த இத்தாலியச் சாப்பாட்டில் பாதி, போன இடத்தில் மாவும் இறைச்சியும் சல்லிசாகக் கிடைத்த பிறகு உண்டானது. பார்மா பல்கலைக்கழகத்தின் அல்பெர்த்தோ கிராந்தி இப்படிச் சொல்லித்தான் சொந்த நாட்டில் வசை வாங்கிக்கொண்டிருக்கிறார். 2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்முடைய தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் சேர்ந்தது.

மூன்றாவது கட்டுரைக்குத் தலைப்பு சுதந்திரம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நகரம், இத்தாலியோடு தொடர்புள்ளது, இத்தாலியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாப்பா போன் செய்தாள்.

"மாமா, திருப்பூர எழுதட்டுமா?"

"எழுது. ரோமாபுரிக் காசெல்லாம் நம்ம பக்கம்தான சாமி கிடைச்சுது."

"அது எல்லாரும் சொல்றதுதான மாமா."

சொல்கிறார்கள்தான். அதற்காக விட்டுவிடவும் மனசில்லை. முதல் நூற்றாண்டில் பிளினி, ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்தர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுப் புலம்பினார். மிளகின் மேல் அவருக்குத் தனிக் கடுப்பு. காரம் ஒன்றைத் தவிர வேறு குணமில்லாத இதைப் போய் யார் முதலில் சோற்றில் போட்டது என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். கேட்பாரில்லை. ரோமின் நடுவிலேயே தொமிசியன் மிளகுக்கென்று கிடங்குகள் கட்டினான். 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போகக் கேட்ட கப்பத்தில் தங்கம் வெள்ளியோடு மூவாயிரம் ராத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகுக்கும் நீலப்பச்சைக் கல்லுக்கும் ஈடாக வந்த காசுகள் கொங்குநாட்டு மண்ணில் குவியல் குவியலாக அகப்பட்டன. வெள்ளலூரில் 1842இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். கல் காங்கேயம் பக்கம் படியூரில் வெட்டியது. கல்லைப் பட்டை தீட்டிய ஊர்களில் ஒன்று, நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். அங்கே அகழ்ந்தபோது இரும்புக் கம்பி கோத்த சுடுமண் தக்கிளிகளும் கிடைத்தன. அதாவது அப்போதே நூல் நூற்றிருக்கிறார்கள்.

"இதெல்லாம் இருந்தாலும் மாமா, ரெண்டாயிரம் வருசம் முந்தி ஒருத்தன் மிளகு வாங்குனதுக்கும் அப்புச்சி மெஷின் வித்ததுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

சம்பந்தம் உள்ள கதை 1978இல் ஆரம்பிக்கிறது. திருப்பூரில் பின்னலாடை அதற்கும் வெகுகாலம் முந்தையது. முதல் கம்பெனியான பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸை 1925இல் குலாம் காதர் தொடங்கினார் என்பது ஊர் வரலாறு. ஐம்பது வருஷம் உள்ளூருக்கும் வடக்கேயும் வெள்ளை உள்பனியன் மட்டுமே போய்க்கொண்டிருந்தது. 1978இல் அந்தோனியோ வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்களைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். ஊரின் ஏற்றுமதிக் கதையை எழுதுகிற எல்லாரும் இந்த ஆளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஓர் ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு வியாபாரி. பிறகு 1981இல் ஐரோப்பியக் கடைச் சங்கிலியான சி அண்ட் ஏ வந்தது. 1985இல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25இல் நாற்பதாயிரம் கோடியைத் தொட்டுவிட்டது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. நெருப்பெரிச்சல் அப்போது தனிக் கிராம ஊராட்சி, 2011இல்தான் மாநகராட்சிக்குள் போனது.

அம்மா அந்த எண்பதுகளின் பெண். முதல் வெளிநாட்டுச் சரக்கில் கை வைத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது அவளுக்கு. ஒவ்வொரு பீஸுக்கும் வெள்ளைத்தாள் வைத்து மடிக்கச் சொன்னார்களாம். உள்ளூர்ச் சரக்குக்குத் தாள் கிடையாது. "துணிக்குத் தொட்டில் கட்டுன மாதிரி" என்பாள். ஷிப்மெண்ட் நாளில் ஒன்றரை ஷிப்டு, சில நாள் விடிய விடிய. ராத்திரிக்குக் கம்பெனியில் கொடுப்பது டீயும் பன்னும்.

பாப்பாவுக்கு வேண்டியது ஊர்ப்பெருமை இல்லை. இத்தாலியில் திருப்பூர் மாதிரி ஓர் ஊர் உண்டா என்று கேட்டாள். ஓர் இரவு, வேறு வேலை ஓடாமல், தகட்டில் இருந்த பிரெஷாவை வரைபடத்தில் தேடினேன். மிலானுக்கும் வெரோனாவுக்கும் நடுவே இருக்கிறது. வட்டப்பின்னல் மெஷினுக்கும் காலுறை மெஷினுக்கும் உலகத் தலைநகரங்களில் ஒன்று. லொனாத்தி, சாந்தோனி, ஒரிசியோ என்று திருப்பூரில் நிட்டிங் நடத்துகிறவருக்குச் சொந்தக்காரர் பெயர் மாதிரி பழகிய பெயர்கள் எல்லாம் அந்த ஊரைச் சேர்ந்தவை. வரைபடத்தைக் கொஞ்சம் தென்கிழக்கே நகர்த்தினேன். முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே.

இந்தப் பெயரை எங்கேயோ படித்திருக்கிறேன் என்று ஐந்து நிமிஷம் தலையைச் சொறிந்தேன். பள்ளிக்கூடத்தில். வீரமாமுனிவர் பிறந்த ஊர். ஒரு மதிப்பெண் கேள்விக்காக 'கேஸ்திக்லியோன்' என்று மனப்பாடம் செய்த அதே ஊர். 1680இல் அங்கே பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1710இல் இந்தியா வந்து, தேம்பாவணி எழுதி, 1732இல் சதுரகராதி தொகுத்து, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறு வேறு வடிவம் வைத்தவர். நான் இப்போது இந்தக் கட்டுரையைத் தட்டச்சுகிற விசைப்பலகையில் எ ஒரு விசை, ஏ ஒரு விசை என்று இருப்பதில் அந்த ஊருக்குப் பங்கு உண்டு.

அதோடு நிற்கவில்லை. காஸ்திலியோனே இன்று காலுறை ஊர். பெண்கள் அணியும் நீளக் காலுறையில் பெரிய நிறுவனமான கோல்டன் லேடியின் தலைமையகம் அங்கேதான். பக்கத்து ஊர் கஸ்தெல் கொஃப்ரெதோ தன்னைக் 'காலுறை நகரம்' என்றே சொல்லிக்கொள்கிறது. 1920களில் அங்கே ஒரு காலுறை ஆலை வந்தது, திருப்பூரில் குலாம் காதர் மெஷின் போட்ட அதே பத்தாண்டு. பிற்பாடு அதில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து, வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையில், கிடைத்த இடத்தில் ஆளுக்கு இரண்டு மெஷின் போட்டார்கள். ஊரே ஆலையாயிற்று. ஒரு வீட்டில் பின்னுவது, ஒரு வீட்டில் கால்விரல் பக்கத்தைத் தைப்பது, இன்னொரு இடத்தில் சாயம். எழுத எழுத எனக்கு நெருப்பெரிச்சல் லைன் வீடுகள்தான் கண்ணில் வருகின்றன.

அந்த ஊருக்கென்று ஒரு பண்டமும் இருக்கிறது. தொர்தெல்லோ அமாரோ. மாவைத் தேய்த்துப் பூரணம் வைத்து மடித்து வேகவைப்பது, நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். பூரணத்தில் பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள், வெங்காயம் இவற்றோடு ஒரு கசப்புக் கீரை. அமாரோ என்றாலே கசப்பு. பாடத்திட்டத்தின் பதினான்கு பண்டங்களில் கசப்பு என்று பெயர் வைத்தது ஒன்றுகூட இல்லை.

பாப்பாவுக்கு உடனே அனுப்பினேன். "மாமா!!!" என்று மட்டும் பதில் வந்தது.

இத்தாலியைச் சோறு வழியாகப் படிக்கிற இந்தக் காலத்துக்கு நானூறு வருஷம் முன்பே, தமிழைச் சோறு வழியாகப் படித்த இத்தாலியர் ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். ராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர். 1606இல் மதுரைக்கு வந்தார். இறைச்சி, மீன், முட்டை, ஒயின் எல்லாவற்றையும் விட்டார். பிராமணச் சமையல்காரர் சமைத்த சோறும் காயும் பாலும், நாளுக்கு ஒரு வேளை. அவர் குடும்பத்தின் பூர்விக ஊர் மொந்தெபுல்சானோ, ஒயினுக்குப் பேர்போன ஊர் என்பதைச் சேர்த்து யோசித்தால் அந்த ஒரு வேளைச் சோற்றின் கனம் புரியும். கூட இருந்த பாதிரியாரே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் என்று வழக்கு கோவா போய், ரோம் போய், 1623இல்தான் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்த்தார். அவர் சோற்றைப் படித்தது மெய்தான், ஆனால் யார் கையால் சமைத்த சோறு என்பதில் இருந்த சாதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். உணவு வழியாக ஒரு நாட்டைக் கற்கிறோம் என்பவர்கள் தட்டில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள், பரிமாறாத ஆள் யார் என்று கேட்க மாட்டார்கள். அர்த்தூசியிடமும் எனக்கு இந்தக் குறை உண்டு. ஆனால் அவர் மரியெத்தாவின் பெயரையாவது புத்தகத்தில் எழுதினார்.

பொருளாதாரம் படிக்கிற வகுப்புகளில் மட்டும் இரண்டு ஊர்களும் ஏற்கெனவே அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே தொழிலைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஊரே செய்கிற இடங்களுக்குத் 'தொழில் வட்டாரம்' என்று பெயர். பிளாரன்ஸ் பக்கத்திலிருக்கும் பிராத்தோ என்ற ஜவுளி ஊரை வைத்து ஜாக்கோமோ பெகாத்தினி அந்தக் கருத்தை எழுப்பி நிறுத்தினார். அதைப் படித்தவர்கள் 1990களில் திருப்பூருக்கு வந்தார்கள். பமேலா காதார்ன் 1995இல் எழுதிய கட்டுரையும், ஷரத் சாரி 2004இல் எழுதிய 'பிரட்டர்னல் கேப்பிட்டல்' புத்தகமும் அப்படி விளைந்தவை. தோட்டத்தில் உழைத்த கவுண்டர் பையன் எப்படிக் கம்பெனி முதலாளி ஆனான், 'உழைப்பு' என்ற சொல்லை அவன் எப்படித் தன் மூலதனமாக்கினான் என்பது சாரியின் விஷயம். அப்பா மாதிரி ஆகாமல் போனவர்களைப் பற்றித் தனிப் புத்தகம் வர வேண்டும்.

பாடத்திட்டத்தில் பிளாரன்ஸ் உண்டு, அரைமணி ரயில் தூரத்திலிருக்கும் பிராத்தோ இல்லை. பிராத்தோவுக்கும் பண்டம் இல்லாமலா? பாதாம் போட்டு இரண்டு முறை சுட்ட பிஸ்கோத்து அந்த ஊர்ப் பெயரால்தான் புகழ்பெற்றது. ஆனால் பிராத்தோவைச் சொன்னால் கந்தல் கம்பளியைத் தரம் பிரித்து மறுபடி நூலாக்கிய கூலிகளைச் சொல்ல வேண்டும், பிறகு வந்த சீனத் தொழிலாளர்களைச் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 1 விடிகாலை, தெரேசா மோதா என்ற தையல் கூடத்தில் தீப்பிடித்து, அங்கேயே அட்டைத் தடுப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏழு சீனர்கள் செத்துப்போனார்கள். அதைப் படித்த அன்று நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். இருபது அடிக்கு ஒரு பலகையில் இந்தி, ஒடியா. கம்பெனிக்குப் பின்னாலேயே தகரக் கூரை அறைகள், அறைக்கு ஆறு பேர், வாசலில் ஒரு ஸ்டவ், கடுகெண்ணெய் வாசம். திருப்பூரை உணவு வழியாக யாராவது பாடமாக்கினால் அந்த ஸ்டவ்வுக்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். நொய்யலுக்கு ஒரு வாரம். சாயக் கழிவைச் சுத்தம் செய்யும்வரை பட்டறைகளை மூடு என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்ற அந்தக் காலத்துக்கும் ஒரு வாரம்.

பாப்பா கட்டுரையைக் கஸ்தெல் கொஃப்ரெதோவையும் திருப்பூரையும் வைத்து எழுதினாள். எழுதும்போது அவள் கண்டுபிடித்த ஒன்றை நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினாள். கோல்டன் லேடி நிறுவனம், ஃபயென்சா என்ற ஊரில் இருந்த தன் ஓம்சா ஆலையில் 2010 வாக்கில் உற்பத்தியை நிறுத்திச் செர்பியாவுக்குக் கொண்டுபோய்விட்டது. வேலை போனது முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள். ஆலை வாசலில் மாதக்கணக்கில் போராடினார்கள். தெருவில் நாடகம் போட்டார்கள். கூலி குறைந்த இடத்துக்கு வேலை போய்விட்டது.

அப்பா திண்ணையில் இருந்தார். சொன்னேன். எழுந்து போகவில்லை.

"அந்தூர்லயுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கைமடிக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடைசி வாரத்துக்கு எதைச் சமைப்பது என்று வீடியோ காலில் ஒரே அமளி. அம்மா அரிசிம்பருப்பு செய்யச் சொன்னாள், நெய் ஊற்றிக் கொடுத்தால் வெள்ளைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு தின்பார்கள் என்றாள். அக்கா ஒப்புட்டு என்றாள். நான் கம்பங்களி, பொலெந்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம் என்றேன், ஒருவரும் மதிக்கவில்லை. அப்பா போனுக்கு அந்தப் பக்கமிருந்து, "டீயும் பன்னும் கொண்டுட்டுப் போகட்டும். வேறென்னத்தத் தின்னுட்டு அந்தத் துணியத் தெச்சாங்க" என்றார்.

"பன்ன டீல முக்கித் திங்கோணும்னு சொல்லீரு கண்ணு," என்றாள் அம்மா, "அவிங்க வெறும் பன்னத் தின்னுட்டு நல்லால்லைன்னுருவாங்க."

அந்தத் தகட்டின் படம் ஒன்று வேண்டும், கட்டுரையோடு சேர்க்க வேண்டும் என்று பாப்பா கேட்டிருந்தாள். மறுநாள் காலையில் அப்பா பீரோவைத் திறந்து அதை எடுத்துவந்து, குழாயடியில் குந்தி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். "எழுத்துத் தெரியுதான்னு கேளு," என்றார்.